பாதம் எரிகிறது என்கிறார்களா? நம்புங்கள்!

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்ததும் செருப்பு விட்ட இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணிகள் பலர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பை மாட்டுகிறார்கள். "என்னம்மா கால்ல?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லே, வயசாச்சு இல்லையா" என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள். வீட்டில் போய்க் கேட்டால்தான் உண்மை வரும். இரவில் பாதம் எரிகிறது. காலையில் முதல் அடி வைக்க முடியவில்லை. போர்வை பட்டால்கூட வலிக்கிறது. டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் "எல்லாம் மனசுதான்" என்ற பட்டம் மட்டும் மிச்சம்.

இப்படி அவதிப்படுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய். பெயர் வாயில் நுழைய இரண்டு நாள் ஆகும். நோய் புரிய அதைவிட அதிக நாள் ஆகும். இந்த நோயில் பாதமும் நரம்பும் படும் பாட்டைப் பற்றி மட்டும் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்துவிட்டு, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து, நாக்பூரிலேயே ஓய்வு பெற்றவன். என் துணைவியாருக்கு இந்த நோய் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருந்த நேரத்தில் படித்ததும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டில் கண்ணால் பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தவை. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

உடம்பு முழுக்க வலி, எப்போதும் அசதி, எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கி எழுந்த தெம்பு இல்லாமை, ஞாபகத் தடுமாற்றம் ஆகியவை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் டாக்டர்கள் இந்த நோயை நினைத்துப் பார்க்கிறார்கள். பல நாடுகளில் எடுத்த கணக்குப்படி நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கிறது. ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கு அதிகம்.

நோய் புதிதல்ல. 1904-ல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் இதற்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். நாரிழைகளில் அழற்சி என்று அதற்குப் பொருள். தேடிப் பார்த்தால் அழற்சி கிடைக்கவில்லை. எனவே 1976-ல் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா என்று மாறியது. 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி ஒரு விதிமுறை வகுத்தது. உடம்பில் 18 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் விரலால் சுமார் நான்கு கிலோ அழுத்தத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். பதினொன்றில் வலித்தால் நோய் உண்டு. 2010-ல் இந்த முறையை மாற்றி, உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்து, எங்கெங்கே வலி என்று நோயாளியையே கேட்டு மதிப்பெண் போடும் முறை வந்தது. 2016-ல் அதையும் திருத்தினார்கள்.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஒன்று உண்டு. அந்த 18 இடங்களில் பாதம் கிடையாது. கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் வரைதான் வருகிறது. பின்னால் வந்த 19 பகுதிகளில் முழங்காலுக்குக் கீழே உள்ள கால் உண்டு. பாதம் என்று தனியாக இல்லை. படத்தில் இல்லாத இடத்தை டாக்டரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. உடம்பின் முழு எடையையும் சுமக்கிற இடம் கணக்கில் வராமலே போய்விடுகிறது.

ரயில் இல்லாமல் எரியும் சிவப்பு விளக்கு

"அடிபடவில்லை, வீக்கம் இல்லை, பிறகு எப்படி வலிக்கும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. இதற்கு எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஸ்டேஷனில் எந்தப் பாதையில் ரயில் நிற்கிறது என்று பேனலில் தெரிவதற்கு 'ட்ராக் சர்க்யூட்' என்ற ஏற்பாடு உண்டு. இரண்டு தண்டவாளங்களிலும் ஒரு முனையிலிருந்து சிறிய மின்னோட்டம் விட்டிருப்போம். மறுமுனையில் ஒரு ரிலே அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலேக்கு மின்சாரம் போகாது. அது விழுந்துவிடும், பேனலில் சிவப்பு எரியும்.

மழைக்காலத்தில் என்ன ஆகும்? ஜல்லியில் சேறும் தண்ணீரும் தேங்கினால் மின்சாரம் அதன் வழியாகவே கசிந்துவிடும். ரயில் எதுவும் வராமலே ரிலே விழும். பேனலில் சிவப்பு எரியும். பாதையில் ரயில் இல்லை. ஆனால் சிவப்பு எரிவது நிஜம். சிக்னல் விழாமல் வண்டி வெளியே காத்து நிற்பதும் நிஜம். "அது கற்பனை, வண்டியை விடுங்கள்" என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்லமாட்டார்.

ஃபைப்ரோமயால்ஜியாவில் நடப்பது ஏறக்குறைய இதுதான் என்கிறார்கள். வலியைப் பெற்று அறிவிக்கிற தண்டுவடமும் மூளையும் மிகையாகக் கூர்மையடைந்துவிடுகின்றன. சாதாரண அழுத்தமே வலியாகப் பதிவாகிறது. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் கட்டைவிரல் நகத்தை அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களுக்கு எந்த அழுத்தத்தில் மூளையின் வலிப் பகுதிகள் விழித்துக்கொண்டனவோ, அதில் ஏறக்குறைய பாதி அழுத்தத்திலேயே இந்த நோயாளிகளுக்கு அதே பகுதிகள் விழித்துக்கொண்டன. யாரும் நடிக்கவில்லை. ஸ்கேன் இயந்திரத்துக்கு நடிப்பு தெரியாது. 2017-ல் உலக வலி ஆய்வுச் சங்கம் இத்தகைய வலிக்கு 'நோசிப்ளாஸ்டிக்' என்று தனிப் பெயரே கொடுத்துவிட்டது.

ஆனால் சிக்னல்காரனுக்கு இன்னொரு பாடமும் உண்டு. எல்லாச் சிவப்பையும் "மழை" என்று டைரியில் எழுதிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. தண்டவாளம் விரிசல் விட்டு முறிந்தாலும் அதே சிவப்புதான் எரியும். எனவே ஒவ்வொரு தடவையும் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒருமுறை சீட்டில் எழுதியாகிவிட்டது என்பதற்காக, அதன்பின் வரும் ஒவ்வொரு எரிச்சலையும் மரத்துப்போதலையும் அதன் தலையிலேயே கட்டக் கூடாது. 2016 விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது: ஃபைப்ரோமயால்ஜியா இருப்பதால் வேறு நோய் இல்லை என்று ஆகாது, வேறு நோய் இருப்பதால் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை என்றும் ஆகாது.

எங்கள் வீட்டில் நடந்தது

2019-ல் என் துணைவியாருக்குப் பாதத்தில் புதிதாக எரிச்சல் தொடங்கியது. உடம்பு வலி பழக்கமானது. இது வேறு மாதிரி. "ஏங்க, மணல்மேல நடக்கிற மாதிரி இருக்கு. தரை தரையாத் தெரியலே" என்றாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. "நரம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் பழைய ஃபைப்ரோமயால்ஜியாதான்" என்று சொல்லி வலி மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்பினார்கள். எட்டு மாதம் போயிற்று. அந்த ஆண்டு சங்கத்துப் பெண்கள் சேர்ந்து சமைத்த விழாவில் அவளால் அடுப்பருகே பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து காய் நறுக்கினாள். "வேலைக்குப் பயந்து உட்கார்ந்துட்டா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அன்று இரவு அவள் அழுதது கால் வலியால் அல்ல.

பிறகு வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். ஊசிமுனையால் லேசாகத் தொட்டார். நைலான் இழை ஒன்றால் அழுத்தினார். இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு தெரிகிறதா?" என்று கேட்டார். கையில் வைத்தபோது நன்றாகத் தெரிந்த அதிர்வு கால் விரலில் தெரியவில்லை. ரத்தத்தில் பி12 வைட்டமின் பார்க்கச் சொன்னார். இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆறேழு மாதங்களில் அந்த 'மணல்' போய்விட்டது. தரை தரையாகத் தெரிந்தது. எரிச்சல் குறைந்தது, முழுவதும் போகவில்லை. உடம்பு வலி அப்படியேதான் இருக்கிறது. ஆக, சிவப்பு விளக்குக்குக் காரணம் இரண்டு: ஒன்று மழை, இன்னொன்று விரிசல். விரிசலைச் சரிசெய்ய முடிந்தது. இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் நரம்புச் சேதம் நிரந்தரமாகியிருக்கலாம் என்றார் டாக்டர்.

பருத்த கம்பியும் மெல்லிய கம்பியும்

மின்சாரப் பரிசோதனையில் நார்மல் என்று வந்தும் நரம்பில் கோளாறு எப்படி இருக்க முடியும்? இதைப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு கேபிளுக்குள் பல தடிமனில் கம்பிகள் இருப்பதுபோல நரம்புக்குள்ளும் உண்டு. பருத்த இழைகளுக்கு உறை உண்டு. செய்தி விநாடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடும். மணிக்கு 180 கிலோமீட்டர்! தொடுதல், அதிர்வு, தசை இயக்கம் எல்லாம் இவற்றின் வேலை. மிக மெல்லிய இழைகளுக்கு உறையே இல்லை. அவற்றில் செய்தி விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் போகும். நாம் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. சூடு, எரிச்சல், மந்தமான வலி இவற்றின் பாரம். கால் கட்டைவிரலைக் கதவில் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலியும், ஒரு விநாடி கழித்து விண்ணென்று இன்னொரு வலியும் வருகிறதல்லவா? முதலில் வருவது மெலிதான உறையுள்ள இழையில் வந்தது. பின்னால் வருவது இந்த உறையில்லாத பாசஞ்சர் வண்டியில் வந்தது.

வழக்கமான மின்சாரப் பரிசோதனை பருத்த இழைகளை மட்டுமே அளக்கும். தண்டுவடத்துக்குள் நடக்கும் கோளாறும் அதில் பெரும்பாலும் தெரியாது. பி12 குறைவு முதலில் அங்கேயே கைவைக்கக்கூடும். மெல்லிய இழைகள் பழுதாகியிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வரும். அவற்றைப் பார்க்க, கணுக்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் தோலைத் துளையிட்டு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் இழைகளை எண்ண வேண்டும். 2013-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு இப்படி எண்ணிப் பார்த்தது. ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 27 பேரில் நூற்றுக்கு 41 வீதம் மெல்லிய இழைகள் குறைந்திருந்தன. நோயில்லாத 30 பேரில் இது நூற்றுக்கு 3 வீதம்தான். அதே ஆண்டு ஜெர்மனியிலும் இதை ஒத்த முடிவு கிடைத்தது. 2021-ல் லண்டனில், இந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதங்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கு அழுத்தமும் குளிரும் தாங்கவில்லை. தோலில் மெல்லிய இழைகளும் குறைந்தன.

இழை குறைவுதான் நோய்க்குக் காரணமா, நோயினால் இழை குறைந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது அவர்கள் பாடு. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: இழை பழுதாக வேறு காரணம் உண்டா என்று தேட வேண்டும். தோல் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. எல்லோருக்கும் தேவையும் இல்லை. சர்க்கரை நோய், பி12 குறைவு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, மது, சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் நேர்மையான பதிலிலும் கண்டுபிடித்துவிடலாம்.

பி12 பற்றி நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். சைவ உணவில் பால், தயிர் தவிர வேறெதிலும் இது கிடைப்பது அரிது. வயதானால் வயிறு அதை உறிஞ்சுவதும் குறைகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் என்று வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறையும். பாத எரிச்சலையும் உணவையும் இணைத்துப் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. சேலத்தில் பிறந்து, இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று போற்றப்பட்ட டாக்டர் சி. கோபாலன் 1946-லேயே 'எரியும் பாத நோய்' பற்றி எழுதி, அதை பி தொகுதி வைட்டமின் குறைவோடு தொடர்புபடுத்தினார். அதற்காக மருந்துக் கடையில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் தவறு. அவற்றில் பலவற்றில் இருக்கும் பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

வலியை எந்த மொழியில் சொல்வது?

வெளியூரில் வாழும் தமிழர்களுக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், குத்தல், இழுப்பு, மதமதப்பு, விண் விண் என்று தெறித்தல் என வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த தாயார், இங்கே டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்: "தர்த் ஹை." கூடப் போன மகனும் அதையே மொழிபெயர்க்கிறான். எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பைக் காட்டும் சொற்கள். குடைச்சலும் கடுப்பும் தசையைக் காட்டும் சொற்கள். அந்த வித்தியாசம் தொலைந்துபோனால் வைத்தியமும் திசை மாறிவிடும். சில சொற்களைத் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சல் – ஜலன்
மரத்துப்போதல் – சுன்ன ஹோ ஜானா
எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் – ஜுன்ஜுனி
ஊசி குத்தல் – சுபன்
கெண்டைக்கால் பிடிப்பு – ஐன்டன்
வீக்கம் – சூஜன்
அசதி – தகான்

எந்த நேரத்தில், எந்த இடத்தில், எது பட்டால் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது. டாக்டருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அது பாதி வேலையை முடித்துவிடும்.

எல்லாப் பாத வலியும் ஒன்றல்ல

ஃபைப்ரோமயால்ஜியா இருப்பவருக்குப் பாதத்தில் வேறு கோளாறு சேர்ந்துகொண்டால் வலி இரட்டிப்பாகத் தெரியும். எனவே அதைத் தனியாகப் பிரித்தறிய வேண்டும்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் சுரீர் என்று வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், பெரும்பாலும் அது உள்ளங்கால் தசைநாரின் கோளாறு. நரம்பல்ல. முன்பாதத்தில் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே கூழாங்கல் மிதித்தாற்போல இருந்தால் அங்கே ஒரு நரம்பு தடித்திருக்கலாம். உள்கணுக்காலுக்குப் பின்னால் தட்டினால் உள்ளங்காலில் மின்சாரம் பாய்ந்தாற்போல இருந்தால் அங்கே நரம்பு நசுங்குகிறது. இரண்டு பாதமும் விரல் நுனியிலிருந்து எரிந்து, மரத்து, மெல்ல மேலேறினால் நரம்பு இழைகளின் கோளாறைத் தேட வேண்டும். மாலையில் உட்கார்ந்ததும் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால் சரியாகிறது என்றால் அது 'ஓய்வில்லாக் கால்' நோய். இந்த நோயாளிகளிடம் அது அதிகம் காணப்படுகிறது. அதற்கு ரத்தத்தில் இரும்புச்சத்தின் சேமிப்பான ஃபெரிட்டின் அளவைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் செருப்பு. நம் வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை. மண்தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் அது சரி. இங்கே அடுக்குமாடி வீட்டின் டைல்ஸ் தரையில், நாக்பூர் டிசம்பர் குளிரில், நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பது குதிகாலுக்குக் கேடு. வீட்டுக்கு மட்டும் மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூஜை அறை வாசலில் கழற்றிவிடலாம். சாமி கோபிக்கமாட்டார். அடுப்பு முன்னால் கனத்த மிதியடி ஒன்று போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலும் வையுங்கள்.

இரண்டாவது, எழுந்திருக்குமுன் படுக்கையிலேயே ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்துப் பத்து எண்ணுங்கள். காலுக்குப் பத்து முறை. பகலில் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டுவதும் நல்லது.

மூன்றாவது, நடை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2017-ல் வெளியிட்ட பரிந்துரையில் எல்லா வைத்தியங்களையும் அலசிவிட்டு, அழுத்தமாகச் செய்யுங்கள் என்று சொன்னது ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. ஆனால் முதல் நாளே அம்பாஜரி ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தால் மூன்று நாள் படுக்கைதான். ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு வாரம் தாங்கினால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நன்றாக இருக்கும் நாளில் அதிகம் செய்யாமலும், மோசமான நாளில் அடியோடு நிறுத்தாமலும் இருப்பதே இதன் சூட்சுமம். கால் ஊன்ற முடியாதவர்களுக்கு நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் நடப்பது சுகம்.

நான்காவது, சூடு. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடம், சுடுமணல், உப்பு மூட்டை எல்லாம் கொப்புளத்தில் முடியும். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் பாதத்தை வையுங்கள். போர்வை பட்டால் வலிக்கிறவர்கள் கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துப் போர்வையைத் தூக்கி விடலாம். எங்கள் வீட்டில் இதற்கு ஆன செலவு பூஜ்யம்.

மருந்து

அமிட்ரிப்டிலின் சிறு அளவில் இரவில், டுலாக்ஸடின், பிரிகாபலின் ஆகியவை இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானவை. பிரிகாபலினை 2007-லும் டுலாக்ஸடினை 2008-லும் இந்த நோய்க்கென்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதித்தது. நரம்பு எரிச்சலுக்கும் இவையே உதவும் என்பது ஒரு சௌகரியம். ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்டாலும் வலி முழுவதும் போவதில்லை. பிரிகாபலினில் தலைசுற்றலும் கால் வீக்கமும் வரலாம். அமிட்ரிப்டிலினில் வாய் உலரும். புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கும். ஓய்வில்லாக் கால் அதிகமாகலாம். எதையும் நாமாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைகள் இந்த நோயில் அதிகம் பயன் தருவதில்லை. சிறுநீரகத்தை மட்டும் பதம் பார்க்கும். ஸ்டீராய்டு வேண்டாம் என்பது அந்த ஐரோப்பியப் பரிந்துரையிலேயே இருக்கிறது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு பாதம் மட்டும் திடீரென மரத்துப்போனால், பாதம் தொங்கிச் செருப்பு நழுவினால், புண் ஆறாமல் இருந்தால், பாதம் நீலமாகவோ சிவந்து சூடாகவோ மாறினால், உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் தெரிந்தால், உடனே டாக்டரிடம் போங்கள். முதுகு வலியோடு சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, அமரும் இடம் மரத்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. "எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா உண்டு, அதுதான்" என்று காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

இந்த நோயில் உயிருக்கு ஆபத்து இல்லை. ஊனமும் வெளியே தெரிவதில்லை. அதனாலேயே யாரும் நம்புவதில்லை. ஊரில் இருந்தால் அக்கா, தங்கை, அத்தை என்று நாலு பேர் வந்து கைகொடுப்பார்கள். இங்கே நமக்கு இருப்பது இந்தச் சங்கமும் பக்கத்து வீடும்தான். அதனால் விழாச் சமையலில் யாராவது உட்கார்ந்து வேலை செய்தால் நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். மருமகள் "அத்தை, இன்னிக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்பது பாதி மருந்து. மாமியார் மருமகளைப் பார்த்து அதையே கேட்டால் முழு மருந்து. முப்பது வயதிலும் இந்த நோய் வருகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆண்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்காமல் உள்ளே போங்கள். நான் மேலே கொடுத்த சொற்களை எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, பி12, தைராய்டு, ஃபெரிட்டின் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். "டாக்டர், கொஞ்சம் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த நைலான் இழையும், விநாடிக்கு 128 முறை அதிரும் அந்த இசைக்கவையும் பெரிய செலவுள்ள கருவிகள் அல்ல. இரண்டு நிமிட வேலைதான்.